கேதம் கேட்டு வந்து எழுதுகிறேன்

கண்ணு,

போனை வைத்தது நான்தான். டவர் போகவில்லை, சார்ஜும் தீரவில்லை. கோபத்தில் வைத்தேன். அதன் பிறகு நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய், எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பாதியில் அழுதிருப்பேன், இல்லாவிட்டால் உன்னைக் கண்டபடி திட்டியிருப்பேன். இரண்டுமே கல்யாணத்துக்கு நாள் குறித்த பையனுக்கு ஆகாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆபீஸில் வேலைக்கு நடுவே ஒரே மூச்சில் படித்துத் தள்ளிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை ஒரு டீயைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படி. உன் அம்மா கல்யாண வீடியோ எடுக்கிறவள், மூன்று கேசட்டுக்குக் குறைந்து எதையும் சொல்லிப் பழக்கமில்லை.

அன்றைக்கு நீ இரண்டு விஷயம் சொன்னாய். முதலாவது, அந்த சினிமா டைரக்டர் இறந்துபோன செய்தி கேட்டு நான் ஸ்டுடியோவைச் சாத்திவிட்டு அழுததைப் பற்றி. "அவரு நமக்கு என்ன ஒறவுங்கம்மா? ஒரு தடவகூட நேர்ல பாத்ததில்ல. அதுக்குப் போயி சென்னை வரைக்கும் போவணுமுங்களா?" என்றாய். பிறகு பேச்சை மாற்றக் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாய். "அன்னிக்கு நீங்க கேமராவத் தொடவே கூடாதுங்கம்மா. கோயமுத்தூர்ல ஒரு டீமுகிட்டச் சொல்லிட்டேன், ட்ரோன் எல்லாம் கொண்டு வாராங்க. நீங்க பட்டுச்சேல கட்டிக்கிட்டு மகாராணியாட்டம் உக்காந்திருங்க, அது போதும்." ஆசையாகத்தான் சொன்னாய். இத்தனை வருஷம் தோளில் சுமந்தது போதும், அம்மா ஓய்ந்து உட்காரட்டும் என்று நினைத்தாய். ஆனால் மகாராணி எங்கே உட்கார வேண்டும் என்று நீ சொல்லவில்லை சாமி. மணவறைக்குப் பக்கத்திலா, மண்டபத்துக் கடைசி வரிசையிலா? எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான்.

உன்னைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது, உனக்குத் தெரிய வழியில்லை. நீ நடை பழகிய நாள் முதலாகப் பார்த்த கல்யாணங்களிலெல்லாம் உன் அம்மா மணவறைக்கு நேர் முன்னால், பெண்ணைப் பெற்றவரையே முழங்கையால் இடித்து இடம் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கே நிற்கிற உரிமை அவளுக்கு இருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டாய். உரிமை கேமராவுக்கு. அதைத் தோளிலிருந்து இறக்கிவிட்டால் நான் புருஷன் இல்லாதவள். நம் பக்கத்தில் புருஷன் இல்லாதவள் முகூர்த்த நேரத்தில் எங்கே இருப்பாள் தெரியுமா? ஸ்டோர் ரூமில் தாம்பூலப் பைக்குள் தேங்காய் போட்டுக்கொண்டிருப்பாள். யாரும் அவளைப் போகச் சொல்ல வேண்டியதில்லை. அவளாகவே அந்த நேரம் பார்த்து அங்கே ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்வாள். கெட்டிமேளம் கேட்டதும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்வாள். காலம் மாறிவிட்டது என்று சொல்வாய். மண்டபத்தில் ஏசி வந்திருக்கிறது, ட்ரோன் வந்திருக்கிறது. ஸ்டோர் ரூமில் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்.

அந்த ஸ்டோர் ரூமை எனக்கு முதன்முதலில் காட்டியவர் அந்த டைரக்டர்தான். நீ வயிற்றில் இருந்தபோது உன் அப்பா நாமக்கல்லுக்குப் படத்துக்குக் கூட்டிப் போனார். புதுச்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் ஸ்டுடியோ போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. படத்தில் பெரிய கல்யாண சீன் இருக்கிறதாம், ஆங்கிள் பார்த்துவிட்டு வரலாம் என்பது அவர் கணக்கு. தியேட்டரில் ஈ காக்கை இல்லை. கல்யாண சீன் வந்தது. மேளம் முழங்குகிறது, எல்லோரும் மணவறையைப் பார்த்து ஓடுகிறார்கள், கேமரா மட்டும் போகவில்லை. ஸ்டோர் ரூமில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு வயசான அம்மாவோடு நின்றுவிட்டது. அந்தம்மா அரிவாள்மணையை ஓரமாகச் சாய்க்கிறாள். ஈரக் கையைச் சேலையில் துடைக்கிறாள். கதவு வரைக்கும் வருகிறாள், நிலைப்படியைத் தாண்டவில்லை. அவள் முகம் மட்டும் தெரிகிறது. மேளம் ஓய்ந்ததும் திரும்பிப் போய் வெள்ளரிக்காயை எடுத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான். தாலி கட்டியதை அந்தப் படம் காட்டவே இல்லை.

உன் அப்பாவுக்கு மனசே ஆறவில்லை. பஸ் ஏறுகிற வரைக்கும் புலம்பினார். "இந்தாளுக்குக் கல்யாணம் எடுக்கவே தெரியல. தாலி கட்டறதக் காட்டாத அதென்ன கல்யாணம்? நம்ம பார்ட்டியா இருந்தா கேசட்டத் தூக்கி மூஞ்சியில அடிச்சிருப்பாங்க." எனக்கோ அந்தம்மா ஈரக் கையைத் துடைத்தது கண்ணை விட்டுப் போகவில்லை. எத்தனை கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், அந்த வாசலைத் தாண்டித்தானே பந்திக்குப் போயிருக்கிறேன், ஒரு நாளாவது அங்கே நிற்கிறவள் முகத்தைப் பார்த்தேனா என்று நினைத்து வெட்கமாக இருந்தது. நான் அப்போது மஞ்சளும் குங்குமமுமாக இருந்தேன். அந்த முகம் ஒரு நாள் என் முகமாகும் என்று எனக்குத் தெரியாது.

உன் அப்பா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த புதிதில் நீ அவர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு வீடெல்லாம் இழுத்துக்கொண்டு நடப்பாய். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர்தான் வந்துவிட்டார் என்று திரும்பிப் பார்ப்பேன். அதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, எழுதினால் கடிதம் இங்கேயே நின்றுவிடும். சங்ககிரியில் ஒரு லாரிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். லைட் பிடிக்கிற செல்லமுத்து தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். "எனக்கு லைட்டு மட்டுந்தானுங்க்கா தெரியும். கேமரா உங்களுக்குத்தான அண்ணன் சொல்லிக் குடுத்துது" என்றான். உன் அத்தைக்கு அதைக் கேட்டு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "தாலி எறங்கி வருசம் திரும்பல, கல்யாண ஊட்டுக்குள்ள காலு வெப்பியா நீயி? நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றாள். அவள் சொன்னது பொய்யாகவில்லை, அந்த நாலு பேரும் பேசத்தான் செய்தார்கள். ஆனாலும் போனேன். உனக்கு ஒரு வயிறும் எனக்கு ஒரு வயிறும் இருந்தது ஒரு காரணம். அந்த டைரக்டர் பார்த்தது மாதிரி நானும் ஒரு கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இன்னொரு காரணம். இரண்டாவதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

சங்ககிரி மண்டபத்தில் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு மணவறை முன்னால் போய் நின்றதும் ஒரு பெரிய மனுஷி என் வெறும் நெற்றியையும் வெறும் கழுத்தையும் பார்த்துவிட்டாள். "ஏனுங்க, அந்தப் புள்ள அங்க நிக்கலாமுங்களா? சித்த அக்கட்டால போவச் சொல்லுங்க" என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த டேப்பைப் போட்டால் இன்றைக்கும் அந்த இடத்தில் படம் ஆடும். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "அது வீடியோக்காரம்மாங்க" என்றார். "அப்பச் சரிங்க" என்று சொல்லிவிட்டு அந்த மனுஷி முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கேமராவுக்குப் பின்னால் இருக்கிறவளுக்கு நெற்றியும் கிடையாது, கழுத்தும் கிடையாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பிறகு நான் அதை இறக்கி வைக்கவே இல்லை. தோள்வலி, முதுகுவலி என்று நீ எண்ணெய் தேய்த்துவிட்டபோதெல்லாம் கூட, "விட்டுடுங்கம்மா" என்று நீ சொன்னபோதெல்லாம் கூட, மாட்டேன் என்று தலையாட்டியது அதனால்தான்.

அந்த டைரக்டர் படம் எது வந்தாலும் உன்னையும் செல்லமுத்துவையும் இழுத்துக்கொண்டு சேலத்துக்குப் போய்விடுவேன். நீ இடைவேளைக்குள் என் மடியில் தூங்கிவிடுவாய், செல்லமுத்து அதற்கு முன்னாலேயே தூங்கிவிடுவான். எனக்குப் பெரிய படிப்பு இல்லை. அவர் படத்தைப் பற்றிப் பேப்பரில் எழுதுகிறவர்கள் என்னென்னவோ சொல்வார்கள், பாதி புரியாது. நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். எல்லோரும் ஓடுகிற இடத்துக்கு நீயும் ஓடாதே, யார் ஓடாமல் நிற்கிறார்கள் என்று பார். அப்படிப் பார்த்துத்தான் பந்தியில் சாப்பிடாமல் பரிமாறிக்கொண்டே இருந்த பெண்ணின் அண்ணனை எடுத்தேன், சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் வாங்காமல் மூலையில் நின்ற மாமனை எடுத்தேன். இதை உனக்கும் ஒரு புத்திமதியாகச் சொல்லி வைக்கிறேன். நாளைக்கு நீ கட்டப்போகிற பெண் நம் வீட்டுக்கு வருவாள். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கூடிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒரு கண் வைத்துக்கொள். அடுப்படியில் தனியாக நின்றால் நீயும் போய்ப் பக்கத்தில் நில்லு. சும்மா நின்றாலே போதும், இரண்டு பாத்திரம் கழுவிக் கொடுத்தால் இன்னும் விசேஷம்.

அந்த டைரக்டரை நம்பி நான் உதை வாங்காத குறையாகத் திரும்பி வந்த கதையும் உண்டு. தம்மம்பட்டியில் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு அம்மா இல்லை, அத்தைதான் வளர்த்தவள். அந்த அத்தைக்குப் புருஷன் இல்லை. முகூர்த்தம் நெருங்க நெருங்க அவள் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்ததை நான் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் என்று குரல் வந்ததும் என் தோள் தானாகத் திரும்பிவிட்டது. ஸ்டோர் ரூம் கதவில் அவள் முகம். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள், இன்னொரு கை கும்பிடுகிற மாதிரி பாதியில் நிற்கிறது. நான் மூச்சு விடாமல் எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் இங்கே தாலி கட்டி முடித்துப் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்! தாலி கட்டியதை எடுக்காத வீடியோக்காரியை நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? இன்னொரு தடவை கட்டச் சொல்லவா முடியும்? கேசட்டைப் பார்த்த அன்றைக்குப் பெண்ணின் அப்பா ஸ்டுடியோவுக்கே வந்து குதித்தார். உன் அப்பா சொன்னது அப்படியே பலித்தது. மூஞ்சியில் அடிக்கவில்லை, மேஜைமேல் அடித்தார். செல்லமுத்து கரண்ட் போய்விட்டது என்று பொய் சொல்லிப் பார்த்தான், அவர் நம்பவில்லை.

பல வருஷம் கழித்து அந்தப் பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். கேசட்டில் இருப்பதைப் பென்டிரைவில் ஏற்றித் தரச் சொன்னாள். "எங்கூட்டுக்காரரு இன்னும் கேலி பண்றாருங்க்கா, நமக்குத் தாலியே கட்டல, வேணுமுன்னா வீடியோவப் பாருன்னு" என்று கோபமாகத்தான் ஆரம்பித்தாள். நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் குரல் இறங்கிவிட்டது. "அத்த போன மாசம் தவறிட்டாங்க. ஆல்பத்துல எங்கயுமே அவங்க இல்லீங்க. எங்கல்யாணத்துல அவங்க இருந்தாங்கன்னு சொல்லறதுக்கு இது ஒண்ணுதானுங்க இருக்குது." அந்த இடத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள், அவளும் நானும் பார்த்தோம். டைரக்டரிடம் போய் இதைச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். போகலாம், போகலாம் என்று நாளைக் கடத்தினேன். அவர் போய்விட்டார்.

செய்தியைப் போனில் பார்த்துச் சொன்னவன் செல்லமுத்து. வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். உன் அத்தை அந்த நேரம் பார்த்து வந்தாள். "யாருக்குடி தலைக்கு ஊத்திக்கிட்ட? பங்காளியில யாரு?" என்று பதறினாள். "ரொம்ப நெருங்குன பங்காளிங்க அண்ணி" என்றேன். விஷயம் தெரிந்ததும் எனக்கு மூளை பிசகிவிட்டது என்று உனக்குப் போன் செய்ததும் அவள்தான் என்று எனக்குத் தெரியும். நீ கேட்டாயே, அவர் நமக்கு என்ன உறவு என்று. நம் பக்கத்தில் உறவு எது என்பதற்கு ஒரே கணக்குதான் கண்ணு. யார் செத்தால் கேதம் கேட்கப் போகாமல் இருக்க முடியாதோ அவர்கள் உறவு. அடக்கத்துக்குப் போக முடியாவிட்டாலும், பிறகு வீடு தேடிப் போய், அந்த வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டு, போய் வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து வர வேண்டும். என்னால் போகாமல் இருக்க முடியவில்லை. நானும் செல்லமுத்துவும் சேலத்தில் ரயில் ஏறினோம்.

சென்னையில் அவர் வீட்டு வாசலில் வாட்ச்மேன், "எந்தக் கம்பெனிம்மா?" என்று கேட்டார். செல்லமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "புதுச்சத்திரமுங்க" என்றான். புதிதாக ஏதோ படக் கம்பெனி என்று நினைத்தாரோ என்னவோ, கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஹாலில் வெள்ளை உடுப்பில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வருகிறவர்கள் படத்துக்குப் பூ வைக்கிறார்கள், கொஞ்ச நேரம் தரையைப் பார்க்கிறார்கள், டைரக்டரின் மனைவியைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போகிறார்கள். மூச்சு விடுகிற சத்தம் கூட இல்லை. அந்த ஊர் வழக்கம் எனக்கு எப்படித் தெரியும்? நான் நேராகப் போனேன். அவர் மனைவியின் காலடியில் உட்கார்ந்து, அவரைக் கட்டிக்கொண்டு, நம் ஊரில் எப்படி அழுவோமோ அப்படிக் குரலெடுத்து அழுதேன். ஹாலே ஆடிப்போய்விட்டது. அந்தம்மா மரக்கட்டை மாதிரி விறைத்துப் போனார். செய்யக் கூடாததைச் செய்துவிட்டோம் என்று தெரிந்தும் என்னால் நிறுத்த முடியவில்லை. கடைசியில் அவர்தான் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "அழாதீங்கம்மா. எங்கேர்ந்து வர்றீங்க? ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றார். யார் வீட்டு எழவுக்கு யார் ஆறுதல் சொல்வது! பின்னாலிருந்து செல்லமுத்து, "இல்லீங்க, ரயில்ல ஒரு டீ குடிச்சதுதானுங்க" என்றான். அந்தம்மாவுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு என் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே அவர் காபி கலக்கிக்கொண்டிருக்கும்போது நான் எல்லாவற்றையும் கொட்டினேன். வெள்ளரிக்காய் நறுக்கிய அந்தம்மாவைப் பற்றி, உன் அப்பாவைப் பற்றி, தம்மம்பட்டியைப் பற்றி. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அது எங்க மாமியார்ம்மா" என்றார். "எங்க கல்யாணத்துல அவங்க அப்படித்தான் நின்னாங்க. தாலி கட்டறதுக்கு முன்னாடி இவர் தலையத் தூக்கி அந்தக் கதவப் பாத்தார், நானும் பாத்தேன். கூப்பிடணும்னு அவருக்கு இருந்தது. வாய் வரலை. அத மனசுலயே வெச்சிருந்து ரொம்ப வருஷம் கழிச்சுப் படத்துல எடுத்தார். படத்த அவங்களுக்குப் போட்டுக் காட்டினார். பாத்துட்டு அவங்க, 'நல்லா எடுத்திருக்கேப்பா. அன்னிக்கே ஒரு குரல் கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே'ன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க. அதுக்கப்புறம் அந்த சீன அவர் பாத்ததே இல்ல. டிவில வந்தா எழுந்து வெளிய போயிடுவார்."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன். அவர் போட்டோவுக்கு முன்னால் போய் நின்று, ஊர் உலகத்துக்கெல்லாம் கண்ணைத் திறந்துவிட்ட மனுஷனே, உனக்கு வாயைத் திறக்க முடியவில்லையா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. அதுவரை அவரை எங்கேயோ உயரத்தில் தூக்கி வைத்திருந்தேன். இப்போது உன் வயதுப் பையன் ஒருவன் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து, கதவைப் பார்த்துக்கொண்டு, பேசாமல் இருப்பதுதான் தெரிந்தது. ரயிலில் திரும்பி வரும்போது செல்லமுத்து தூங்கிவிட்டான். ஜோலார்பேட்டை தாண்டும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அப்புறம் பாவமாக இருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாததால்தான் அவ்வளவு படம் எடுத்தாரோ என்னவோ. நான் அவரை நினைத்து அழுததில் ஒரு சொட்டுக்கும் வருத்தப்படவில்லை. இப்போது முன்னைவிட அதிகமாக அழுகிறேன், ஆனால் வேறு மாதிரி.

சென்னை வீட்டிலிருந்து கிளம்பும்போது அந்தம்மா ஒரு கேள்வி கேட்டார். உனக்குக் கல்யாணம், நீ என்னைக் கேமரா எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாய் என்று சொன்னேன். "அப்போ நீங்க எங்க நிப்பீங்க?" என்று கேட்டார். நான் வெறுமனே அவர் கையை அழுத்திவிட்டு வந்துவிட்டேன். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. பெற்றவர்கள் இடத்தில் தானும் மாமாவும் நிற்பதாக உன் அத்தை என்னிடம் சொல்லியாகிவிட்டது. நீ கேமரா வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் நானும் தலையாட்டிவிட்டேன். எப்படியும் கேமராவோடு முன்னால்தானே நிற்கப்போகிறேன், யார் எங்கே நின்றால் என்ன என்று ஒரு தைரியம். அத்தை மேல் கோபப்படாதே. நான் கல்யாணம் கல்யாணமாக அலைந்தபோது உனக்குச் சோறு ஊட்டித் தூங்க வைத்தது அவள்தான். அவள் நிற்கட்டும், மாமாவும் நிற்கட்டும். அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நம் மணவறை அவ்வளவு சின்னது கிடையாது.

நான் கேட்பது ஒன்றுதான். கேமராவை விட்டுவிடுகிறேன், நீ சொன்னபடியே. ஆனால் முகூர்த்தத்துக்கு முன்னால் நீ மணவறையிலிருந்து தலையைத் தூக்கு. நான் எங்கே இருக்கிறேன் என்று தேடு. ஸ்டோர் ரூம் பக்கம்தான் இருப்பேன், எனக்கு வேறு இடம் தெரியாது. பார்த்ததும் "அம்மா, இங்க வாங்க" என்று ஒரு குரல் கொடு. மைக் வேண்டாம், உன் தொண்டை போதும். நானாக வரமாட்டேன். இது வீறாப்பு இல்லை கண்ணு, கேமரா இல்லாமல் அந்த இடத்துக்கு எப்படி நடந்து வருவது என்று எனக்கு மறந்துபோய்விட்டது. பெண் வீட்டாரிடம் நீயே பேசு. வரப்போகிறவளிடம் முதலில் பேசு. அவள் முகம் சுளிக்க மாட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சுளித்தாலும் கூப்பிடு. கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்வேன். நான் போன பிறகு என் படத்தைப் போட்டு உருக்கமாக நாலு வரி எழுதி ஸ்டேட்டஸ் வைத்தாயானால் அங்கிருந்தும் கோபித்துக்கொள்வேன்.

கூப்பிட்டால் வந்துவிடுவேன். வந்த பிறகு ஒரு சங்கடம் இருக்கிறது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எத்தனையோ கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளைக்குக் கை எட்டுகிற தூரத்தில் நின்றிருக்கிறேன். சுற்றி நிற்கிறவர்களெல்லாம் அட்சதை போடுவார்கள், என் இரண்டு கையும் கேமராவில் இருக்கும். லென்ஸில் விழுந்த அரிசியை ஊதிவிட்டிருக்கிறேனே தவிர, ஒரு பிள்ளைக்கும் என் கையால் அள்ளிப் போட்டதில்லை. அதனால் என்னைக் கூப்பிட்ட கையோடு, அட்சதைத் தட்டு வைத்திருக்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லு. அம்மாவுக்கு இரண்டு கை நிறையக் கொடுக்கச் சொல்லு.

அம்மா